சும்மா கிடக்கிற தரிசா அது?

ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுக்கு மேற்கே, எங்க ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் மரக்கன்று நடப் போகிறார்களாம். குழி தோண்ட ஜேசிபி வந்து நிற்கிறது. கேட்டால், "சும்மா தரிசாத்தானே கிடக்கு" என்கிறார்கள்.

சும்மாவா கிடக்கு? ஐப்பசி மழை விழுந்த பிறகு ஒரு காலையில் வந்து குத்தவச்சு உட்கார்ந்து பாருங்க. நின்னு பார்த்தா தெரியாது. செப்புநெருஞ்சி படர்ந்த இடத்தில், விரல் நகத்தளவு பட்டாம்பூச்சி ஒன்று தரையை ஒட்டியே பறக்கும். கிராஸ் ஜுவல் என்று பெயர். இந்தியாவின் மிகச் சிறிய பட்டாம்பூச்சிகளில் ஒன்று. பழுப்பு நிறம், பின்சிறகு ஓரத்தில் ஆரஞ்சு சுற்றிய கறுப்புப் பொட்டுகள். செப்புநெருஞ்சி மாதிரி அவுரி இனச் செடிகளில் முட்டை வைக்கும். அந்தச் செடிக்கு வெயில் வேணும். மரம் நிழல் கட்டினால் செடியும் போச்சு, பூச்சியும் போச்சு. ஆடு எங்கே மேயும் என்பது தனிக் கேள்வி.

மலைக்காட்டுக்குப் பாதுகாப்பு இருக்கு. 1988ல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம், 2021ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். 2019ல் மாநிலப் பட்டாம்பூச்சி ஆன தமிழ் மறவனும் மலைக்காட்டுக்காரன்தான். சந்தோஷம். அடிவாரத்துப் புல்லுக்கு யாரு இருக்கா? வரி வராத நிலத்துக்கெல்லாம் வெள்ளைக்காரன் போட்ட பேரு தரிசு. அதை நம்பித்தான் அன்னிக்கு நம்ம பக்கம் சீமைக்கருவேலத்தை விதைச்சாங்க. இன்னிக்கு அதை வெட்டச் சொல்லி கோர்ட்டு வரைக்கும் போயாச்சு.

மரமே வேண்டாம்னு சொல்லலை. கண்மாய்க்கரை மொட்டையாக் கிடக்கு, அங்க வைங்க. தண்ணி ஊத்த நானும் வர்றேன். ஜேசிபியை மட்டும் திருப்பி அனுப்புங்க.