சொட்டுகிறது டீசல்! சறுக்குவது யார்?

நிற்கிற லாரிக்கு அடியில் டீசல் சொட்டுகிறது. பார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? "பாவம், முதலாளிக்கு நஷ்டம்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

முதலாளிக்கு மட்டுமா நஷ்டம்? முதல் அடி டிரைவருக்கு. இரண்டாவது அடி, பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற நமக்கு!

திருடன் பட்டம்

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 மில்லி ஒழுகினால், 10 மணி நேர ஓட்டத்தில் ஒரு லிட்டர். மாதம் 25 நாள் ஓடினால் 25 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றாலே 2,250 ரூபாய் ரோட்டில் போகிறது.

மைலேஜ் குறைந்ததும் முதலாளி என்ன கேட்கிறார்? "டீசலை எங்கேடா வித்தே?" பேட்டாவில் பிடித்தம். பிறகு வேலையும் போகிறது. ஒரு வாஷர் செய்த குற்றத்துக்கு டிரைவர் தண்டனை அனுபவிக்கிறார். திருட்டுப் பட்டம் கட்டுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்தால் என்ன?

இணைப்பில்தான் வினை

விழுப்புரம் - செஞ்சி வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. அங்கே பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டியதாகக் கல்வெட்டிலேயே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். ஒரே பாறை. இணைப்பு கிடையாது. அதனால் விட்டுப்போகவும் எதுவும் இல்லை.

லாரி அப்படியா? டேங்கிலிருந்து நாசில் வரை இணைப்புக்கு மேல் இணைப்பு. ஒழுக்கு பெரும்பாலும் அங்கேதான்.

டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரை டீசலை உறிஞ்சுகிற பகுதி. இங்கே விட்டுப்போனால் வெளியே சொட்டாமலும் இருக்கும். அதற்குப் பதில் காற்று உள்ளே போகும். காலையில் ஸ்டார்ட் ஆகாது, நடுரோட்டில் திணறி நிற்கும். தினம் தினம் ஏர் எடுத்துக்கொண்டே இருந்தால், காற்று எங்கே நுழைகிறது என்று பார்க்க வேண்டாமா?

ஃபீட் பம்பைத் தாண்டினால் அழுத்தம். அங்கே ஈரம் தெரியும். ஃபில்டர், பம்பு, நாசில், மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்புகிற ஓவர்ஃப்ளோ பைப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

எப்படிப் பிடிப்பது?

சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. மேலே கசிந்த டீசல் பைப்போடு ஓடி, காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, எங்கேயோ போய்ச் சொட்டும். திருட்டு ஒரு ஊரில், திருடன் பிடிபடுவது இன்னொரு ஊரில் என்கிற கதைதான்.

முதலில் துணியால் எல்லா இணைப்பையும் சுத்தமாகத் துடைக்க வேண்டும். முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொஞ்சம் தூவலாம். பிறகு இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்தால், முதலில் நனைகிற இடம் எதுவோ அதுதான் குற்றவாளி.

நாசில் பைப்பில் மட்டும் கையை வைத்துத் தடவக் கூடாது. புதிய காமன் ரெயில் வண்டிகளில் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்கும். ஊசி மாதிரி டீசல் தோலுக்குள் பாய்ந்துவிடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் விரலே போகலாம். அந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பல நேரம் குற்றவாளி, நசுங்கிப்போன காப்பர் வாஷர்தான். மாற்ற வேண்டியது அதை. ஸ்பேனரில் பைப்பைச் செருகி முறுக்கினால் மரைதான் போகும். ஓட்டையில் சோப்பை அப்புவது, வழியில் நின்ற வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோக. மாதக் கணக்கில் ஓட்டுவதற்கு அல்ல. காலி டேங்க்தானே என்று அப்படியே வெல்டிங் வைப்பதும் ஆபத்து. உள்ளே நிற்கிற ஆவி வெடிக்கும்.

ரோடு யாருடையது?

பெட்ரோல் சிந்தினால் சீக்கிரம் ஆவியாகும். டீசல் அப்படியே கிடக்கும். வளைவில் ஒரு பட்டை டீசல், மேலே நாலு தூறல் போதும். மனைவி, குழந்தையோடு டூவீலரில் வருகிறவர் கதி என்ன?

எல்லாம் ஒழுக்கு என்றும் சொல்ல முடியாது. டேங்க் மூடி தொலைந்து, துணியைச் செருகிக்கொண்டு, கழுத்து வரை டீசல் நிரப்பி ஓட்டுகிற லாரிகள் உண்டு. வளைவுக்கு வளைவு அபிஷேகம்தான்!

"கவனிக்கவில்லை சார்" என்று சொல்லித் தப்ப முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 190-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? தெரிந்த கோளாறோடு ஓட்டினாலும் குற்றம். சாதாரணமாகக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஆபத்தான கோளாறோடு ஓட்டினாலும் குற்றம். ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்ட விடுகிறவரும் மாட்டுவார். 2019-ல் அபராதத்தை 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்தக் கோளாறால் விபத்து நடந்து அடிபட்டால் மூன்று மாதம் வரை ஜெயிலும் உண்டு.

சட்டம் இருக்கிறது. எஃப்.சி. காட்டுகிற அன்றைக்கு வண்டியைக் கழுவி, பெயின்ட் அடித்துக் கொண்டுபோகிறார்கள். கழுவிய வண்டியில் ஒழுக்கு தெரியுமா? இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அடியில் ஒரு அட்டையைப் போட்டுப் பார்க்கட்டும். ரோட்டில் லாரியை நிறுத்தி பேப்பரைக் கேட்கிற போலீசாரும் டேங்க் பக்கம் ஒரு பார்வை பார்க்கட்டும்.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. வாஷர் விலை சில ரூபாய். டூல் பாக்ஸில் ஒரு பாக்கெட் போட்டு வையுங்கள். ஒழுகுகிறது என்று டிரைவர் சொன்னால், "இந்த டிரிப் போய்ட்டு வா, பாத்துக்கலாம்" என்று சொல்லாதீர்கள். அந்த டிரிப்பிலேயே ஒருவன் சறுக்கி விழலாம்!