வாரண்டி காலத்தில் பழுதுக்குக் கட்டணம்: புதிய கார் வாங்கியவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு என்ன?

பெங்களூரு: கார் வாங்கி ஓராண்டுகூட நிறைவடையாத நிலையில் பழுது ஏற்பட்டு, 'இது வாரண்டியில் வராது' எனக் கூறி சர்வீஸ் சென்டர் பில்லை நீட்டினால், பணத்தைச் செலுத்துவதா, வாகனத்தை அங்கேயே விட்டுவிட்டு வாதிடுவதா என்ற கேள்வி எழுகிறது. சட்டம் நுகர்வோருக்குச் சாதகமாக இருந்தாலும், வாகனம் பணிமனைக்குள் இருப்பதால் நிறுவனத்தின் கையே ஓங்கி நிற்கிறது.

2022 செப்டம்பரில் பெங்களூருவைத் தாக்கிய வெள்ளத்துக்குப் பின் வெளியான ஒரு புகார் இதற்கு உதாரணம். வெள்ளநீர் புகுந்த வோக்ஸ்வேகன் போலோ காரின் விலை சுமார் 11 லட்சம் ரூபாய்; ஆனால், பழுது நீக்க 22 லட்சம் ரூபாய் மதிப்பீடு தரப்பட்டதாகவும், ஆவணங்களைப் பெற 44,840 ரூபாய் கோரப்பட்டதாகவும் அதன் உரிமையாளர் சமூக வலைதளத்தில் பதிவிட்டார். தயாரிப்பு நிறுவனத்திடம் முறையிட்ட பிறகே விவகாரம் தீர்ந்தது.

வெள்ளச் சேதம் காப்பீட்டின் கீழ் வருவது. வாரண்டி என்பதோ தயாரிப்புக் குறைபாட்டுக்கானது. பிரேக் பேடு, வைப்பர் போன்ற தேய்மானப் பாகங்களும் பொதுவாக வாரண்டியில் அடங்காது. எனவே, பழுது எதனால் ஏற்பட்டது என்பதே தகராறின் மையப்புள்ளி. அதை முதலில் தீர்மானிப்பது, கட்டணம் வசூலிக்கும் அதே சர்வீஸ் சென்டர் என்பதுதான் சிக்கல்.

உச்ச நீதிமன்றம் கூறியது என்ன?

மாருதி நிறுவனம் தொடர்பான வழக்கில் 2006-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாரண்டி நிபந்தனையின்படி குறைபாடுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவதே நிறுவனத்தின் கடமை. முழுக் காரையும் மாற்றித்தர வேண்டியதில்லை என்றது. டீலரின் தவறுக்குத் தயாரிப்பு நிறுவனத்தைத் தானாகவே பொறுப்பாக்க முடியாது என்று டாடா மோட்டார்ஸ் வழக்கில் 2021-ல் தெரிவித்தது. அதே நேரத்தில், விபத்தின்போது ஹூண்டாய் கிரெட்டா காரின் ஏர்பேக் விரியாத வழக்கில், வாகனத்தை மாற்றித்தரும் உத்தரவை 2022-ல் உறுதி செய்தது.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. சிறு பழுதுக்குப் புதிய காரே வேண்டும் எனக் கோருவதைவிட, வசூலித்த தொகையைத் திரும்பக் கேட்பதும் இழப்பீடு கோருவதும் வலுவான வழக்காக அமையும். டீலர், தயாரிப்பு நிறுவனம் இரண்டையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பதும் அவசியம்.

எங்கே, எப்படிப் புகார் அளிப்பது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, புகார்தாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். ஓசூரிலோ சென்னையிலோ கார் வாங்கிவிட்டு பெங்களூருவில் வசிப்பவர், பெங்களூருவிலுள்ள மாவட்ட ஆணையத்தையே அணுக முடியும். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் ரூபாய் வரையிலான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய் மட்டுமே. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுச் சமரசத்துக்கு முயலலாம்.

பழுதின் காரணத்தை ஆய்வின்றி முடிவு செய்ய இயலாதபோது, பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அத்தகைய வழக்குகளை 5 மாதங்களிலும், மற்றவற்றை 3 மாதங்களிலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இந்தக் கால அளவு பெரும்பாலும் நீள்கிறது.

கார் உடனடியாகத் தேவைப்படுவோர் பணத்தைச் செலுத்தியே மீட்க வேண்டியிருக்கும். அப்போது 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று பில்லில் எழுதி, மின்னஞ்சலிலும் பதிவு செய்வது பின்னாளில் உதவும். எந்த நிபந்தனையின்படி வாரண்டி மறுக்கப்பட்டது என்பதை எழுத்துப்பூர்வமாகக் கோர வேண்டும். ஜாப் கார்டின் நகலுடன், கழற்றப்பட்ட பாகத்தையும் கேட்டுப் பெறுவது முக்கியம். அந்தப் பாகம் கைவிட்டுப் போனால், ஆய்வகத்துக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது.