தொப்பிக்குக் கீழ ஒரு தலை இருக்கு

வன்னியில் வளர்ந்த எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. தூரத்தில ஆள் வந்தால் முகத்தைப் பார்க்க முதல் தலையைப் பார்ப்பம். தொப்பி இருக்கா, என்ன நிறம், சரிஞ்சு நிக்குதா நேராய் நிக்குதா? கதையைத் தொடருறதா நிப்பாட்டுறதா எண்டு அதுக்குப் பிறகுதான் முடிவெடுப்பம். வேற ஊர்ப் பெடியள் சத்தத்தை வைச்சே மோட்டார் சைக்கிள் மொடலைச் சொல்லுற மாதிரி, எங்கட பெடியள் தொப்பியை வைச்சே ஆமியா, எஸ்.ரி.எப்பா, பொலிஸா, சி.எஸ்.டியா எண்டு சொல்லிப்போடுவாங்கள். இந்தப் பாடத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலயும் படிப்பிக்கேல்லை. ஆனால் எல்லாரும் பாஸ்.

பகிடிக்கும் குறைவில்லை. சரிவாகப் போடுகிற பெரே தொப்பியைக் கண்டால் "தலையில தோசை கவிண்டு போச்சு". விறைப்பாக நிற்கிற புதுத் தொப்பி என்றால் "தாச்சி". பெரிய அதிகாரியின்ர விளிம்பு வைச்ச தொப்பி "வெயிலுக்குத் தாழ்வாரம் இறக்கியிருக்கிறார்". இதெல்லாம் அவர்கள் கடந்துபோன பிறகு, மெதுவாக, எங்களுக்குள்ள மட்டும். நேர நிண்டு கேள்வி கேக்க ஏலாத இடத்தில பகிடிதான் பிறக்கும். அந்தப் பகிடியை நாங்கள் குறைச்சு மதிக்கேல்லை. ஆனால் அது எங்க வந்து நிண்டுபோகுது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் கதைக்க விரும்புகிறோம்.

முதலில் தொப்பியின் கதையைப் பார்ப்போம். எங்கள் ஊரில் நாங்கள் காணும் இராணுவத் தொப்பி மரபில் பெரும்பகுதி பிரித்தானியாவில் இருந்து வந்தது. 1949 இல் தொடங்கப்பட்ட இலங்கை இராணுவம் அந்த முறைகளை அப்படியே எடுத்துக்கொண்டது. பிரித்தானிய டாங்கிப் படை 1924 இல் கறுப்புப் பெரேயை எடுத்ததற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. ஒடுங்கிய டாங்கிக்குள் விளிம்புத் தொப்பி இடிக்கும், கறுப்புத் துணியில் எண்ணெய்க் கறை தெரியாது. வான்குடைப் படைக்கு மெரூன் நிறம் 1942 இல் வந்தது. இங்கே கொமாண்டோக்கள் அணிவதும் அதே மெரூன்தான். ஐ.நா. அமைதிப்படையின் நீலம் 1956 இல் சூயஸ் நெருக்கடியின்போது பிறந்தது. நீலப் பெரே தைத்து எடுக்க நேரம் போதாததால் ஹெல்மெற்றுகளின் உட்கூடுகளுக்கு நீலப் பெயின்ற் அடித்து அனுப்பினார்களாம்.

படைக்குள்ளேயும் தொப்பிப் பகிடி உண்டு. புதுப் பெரேயை நனைத்து, தலையில் போட்டு, வலப்பக்கம் இழுத்து, ஈரம் காயும்வரை வைத்திருந்தால்தான் வடிவம் வரும். அது சரியாக வராதவனைக் கண்டவுடனேயே மூத்தவர்கள் "புதுசு" என்று பிடித்துவிடுவார்கள். பிரித்தானிய மரபில் தலையில் தொப்பி இல்லாத சிப்பாய் கையை உயர்த்திச் சல்யூட் அடிப்பதுமில்லை. நிமிர்ந்து நிற்பதோடு சரி. ஒரு துணித்துண்டை வைத்து யார் உள்ளே, யார் வெளியே, யார் பெரிசு, யார் சிறிசு என்று பிரிக்கிற ஏற்பாடு இது. உள்ளே இருப்பவனுக்கு அது பெருமையும் சிரிப்பும். வெளியே நிற்பவனுக்கு அது வேறொன்று.

வன்னிக்கு வந்த தொப்பிகளை எண்ணிப் பாருங்கள். 1987 இல் இந்திய இராணுவம் வந்தபோது தலைப்பாகை கட்டின சீக்கியரும் அகன்ற விளிம்புத் தொப்பி போட்ட கூர்க்காக்களும் வந்தார்கள். 1990 மார்ச்சில் அவர்கள் போய்விட்டார்கள். பிறகு இயக்கத்தின் வரித்தொப்பி. 2002 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஏ9 திறந்தபோது வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்குப் போகிற ஒருவர், ஓமந்தையில் இலங்கை இராணுவத்தின் ஹெல்மெற்றையும், நடுவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் அடையாளத்தையும், புளியங்குளத்தில் இயக்கத்தின் சீருடையையும் ஒரே காலையில் கடந்து போனார். சில கிலோமீற்றருக்குள் மூன்று அதிகாரம். ஒவ்வொன்றுக்கும் வேற முகம், வேற குரல், வேற அடையாள அட்டை. எங்கட அம்மா அப்பா இந்த நடிப்பில் விருது வாங்கக்கூடிய ஆக்கள்.

தொப்பி போட்டவர் மட்டும் பயமுறுத்தவில்லை. சுற்றிவளைப்பு நாட்களில் ஆக்களை வரிசையில் நிறுத்தி, தலையில் சாக்கு மூடிய ஒருவருக்கு முன்னால் நடக்க விடுவார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவர் தலையாட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். "தலையாட்டி" என்ற சொல்லை இன்றைக்கும் எங்கள் வீடுகளில் யாரும் சும்மா பாவிப்பதில்லை. முகம் தெரியாத ஒரு தலை ஒரு குடும்பத்தின்ர வாழ்க்கையை முடித்த காலம் அது.

தொப்பியே இல்லாத தலையும் தப்பவில்லை. போரின் கடைசி ஆண்டுகளில் இயக்கம் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டுபோன பெண்பிள்ளைகளின் தலைமயிரைக் கட்டையாக வெட்டினார்கள். தப்பி ஓடினால் அடையாளம் தெரியவேண்டும் என்பதற்காக. 2009 இல் அந்தப் பிள்ளைகள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்தபோது அதே கட்டை மயிர்தான் இராணுவத்துக்கும் அடையாளமானது. ஒரே தலை, இரண்டு தரப்புக்கும் குறி. எங்கள் பக்கத்துச் சீருடையைப் பற்றிப் பெருமையாக மட்டும் கதைக்கிற ஆக்கள் இந்தப் பக்கத்தையும் வாசிக்கவேண்டும்.

போர் முடிந்ததும் இந்தக் கண் பழக்கம் முடிந்துவிடவில்லை. 2021 ஏப்ரலில் யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்த வி. மணிவண்ணன் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினரால் கைது செய்யப்பட்டார். நகரில் குப்பை போடுகிறவர்கள், வெற்றிலை துப்புகிறவர்கள் ஆகியோரிடம் தண்டம் அறவிட ஒரு சின்னக் காவல் அணியை மாநகர சபை அமைத்தது. அவர்களின் நீலச் சீருடை, கிளிநொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய தமிழீழக் காவல்துறையின் உடுப்பு மாதிரி இருக்கிறதாம். கொழும்பு மாநகர சபை ஊழியர்களின் சீருடையும் அதைப்போன்றதுதான் என்று சுட்டிக்காட்டப்பட்டது. அதே நாளில் அவருக்குப் பிணை கிடைத்தது. எச்சில் துப்பாதே என்று சொல்ல வந்த சேட்டின் நிறத்தில் அரசுக்கு ஒரு இயக்கமே தெரிந்திருக்கிறது. நாங்கள் தூரத்தில தொப்பி பார்க்கிற மாதிரி, அரசும் எங்களைத் தூரத்தில் நின்று நிறம்தான் பார்க்கிறது.

சரி, எங்களைப் பார்ப்போம். தமிழ்ப் பேச்சில் "தொப்பி பிரட்டி" என்றொரு சொல் இருக்கு. நேரத்துக்கு ஒரு பக்கம் மாறுகிறவன் என்று அர்த்தம். வடக்குக் கிழக்கில் அது முஸ்லிம்களைப் பழிக்கிற சொல்லாகவே புழங்குகிறது. கிறிக்கெற் மைதானத்திலும் ரீக்கடையிலும் பகிடி என்ற பெயரில் இன்னும் கேட்கிறது. 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து கிட்டத்தட்ட 75,000 முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற இடங்களில் தலைமுறையாக இருந்தவர்களும் அப்படியே போகவேண்டி வந்தது. ஒரு முழுச் சனத்தையும் முதலில் ஒரு தொப்பியாகச் சுருக்கிய பிறகு, அந்தச் சனத்தைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது இலகு. சோதனைச் சாவடியில் எங்களை நிறம் பார்த்து நிறுத்தியதற்குக் கோபப்படுகிற நாங்கள், அதே கணக்கை இன்னொருவரின் தலையில் போட உரிமை இல்லை. இந்தச் சொல்லை விட்டுவிடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இன்றைக்கே விடலாம்.

இனித்தான் கஷ்டமான இடம். தொப்பி இப்ப எதிரில நிக்கேல்லை. எங்கட வீட்டுக்குள்ளயே தொங்குது.

2017 இல் அடையாளம் கொள்கை ஆய்வு மையமும் பேர்ள் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, முல்லைத்தீவில் இரண்டு பொதுமக்களுக்கு ஒரு படைவீரர் என்ற அளவில் இராணுவம் இருப்பதாகக் கணித்தது. அதைவிட ஆழமானது சி.எஸ்.டி எனப்படும் சிவில் பாதுகாப்புத் திணைக்களம். பழைய ஊர்காவல் படையில் இருந்து 2006 இல் உருவான அது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருப்பது. போருக்குப் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான தமிழரை அது வேலைக்கு எடுத்தது. புனர்வாழ்வு முடித்து வந்த முன்னாள் போராளிகள் அதன் பண்ணைகளில் கச்சான் நட்டார்கள். இளம் பெண்கள் அதன் முன்பள்ளிகளில் ஆசிரியைகளானார்கள். மாகாண சபை முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைத்த சில ஆயிரம் ரூபாயைவிடப் பல மடங்கு சம்பளம். கணவன் இல்லாத, காணி இல்லாத, கடனில் மூழ்கிய வீட்டுக்கு அந்தச் சம்பளம் என்ன என்பதை யாழ்ப்பாணத்தில் இருந்தோ ரொறன்ரோவில் இருந்தோ அளக்க ஏலாது.

2018 ஜூனில் விசுவமடுவில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அங்கே சி.எஸ்.டிக்குப் பொறுப்பாக இருந்த கேணல் ரத்னப்பிரிய பந்து இடமாற்றம் பெற்றுப் போனபோது, தமிழ்ச் சனம் மாலை போட்டு, தூக்கிச் சுமந்து, அழுது அனுப்பியது. படங்கள் பேஸ்புக்கில் ஓடின. ஒரு பக்கம் "துரோகிகள்" என்றது. மறுபக்கம் "பாருங்கள் நல்லிணக்கம்" என்றது. இரண்டு பக்கமும் பார்த்தது தொப்பியைத்தான். அழுத ஆக்களின் தலைக்குள் என்ன ஓடியிருக்கும் என்று கேட்டவர்கள் குறைவு. "புனர்வாழ்வு" என்ற முத்திரை விழுந்தவனுக்குத் தனியார் வேலை கொடுக்கப் பயந்தார்கள், சொந்தக்காரர் கதைக்கப் பயந்தார்கள். மாதம் முடிய சம்பளமும் ஒரு மரியாதையான வார்த்தையும் தந்த மனிதருக்காக அவர்கள் அழுதிருக்கலாம். அந்தக் கண்ணீரை நாங்கள் பகிடி பண்ண மாட்டோம்.

ஆனால் ஒரு மனிதர் நல்லவராக இருப்பதால் அந்த ஏற்பாடு நல்லதாகிவிடாது. மூன்றரை வயதுப் பிள்ளை அ எழுதப் பழகுகிற இடம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் ஏன் இருக்கவேண்டும்? அந்தப் பிள்ளையின் ரீசேட்டில் ஏன் படைசார்ந்த திணைக்களத்தின் இலச்சினை இருக்கவேண்டும்? அங்கே படிப்பிக்கிற அக்கா ஒரு காணிப் போராட்டத்துக்குப் போக நினைத்தால், சம்பளச் சீட்டைப் பார்த்து இரண்டு தரம் யோசிக்க மாட்டாவா? 2017 இல் கேப்பாப்புலவு மக்கள் இராணுவம் பிடித்த தங்கள் காணிக்கு முன்னால் வெயிலில் இருந்தார்கள். அதே ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாக்கள் இருக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் போய் இருக்க முடியாத ஒரு வேலை, எவ்வளவு சம்பளம் தந்தாலும் முழு வேலையில்லை.

"அப்ப வேலையை விடச் சொல்லுறியளா?" என்று கேட்பீர்கள். இல்லை. வேலையை வைச்சுக்கொண்டு தொப்பியை மாத்தச் சொல்லுறம். எங்கெல்லாம் இன்னும் முன்பள்ளிகள் அந்தத் திணைக்களத்தின் கீழ் இருக்கின்றனவோ, அவற்றை மாகாணக் கல்விக்கு மாற்றவேண்டும். அதே ஆசிரியைகள், அதே சம்பளம், அதே ஓய்வூதிய உரிமை. பண்ணைகளைக் கூட்டுறவுகளிடமும் விவசாயத் திணைக்களத்திடமும் கொடுக்கலாம். பணம் அரசின் பணம்தான், ஒரு அமைச்சில் இருந்து இன்னொரு அமைச்சுக்குப் போனால் நாடு கவிழாது. சம்பளத்தைக் குறைத்துவிட்டு "சிவில் ஆக்கிவிட்டோம்" என்று சொன்னால் அதை ஏற்கவும் கூடாது. ஆசிரியைகளைத் "துரோகி" என்று திட்டுகிற எங்கட ஆக்களும் அந்தச் சக்தியை இந்தக் கோரிக்கையில் செலவழிக்கலாம்.

இன்னொன்று எங்கள் கையிலேயே இருக்கு. பாடசாலை விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, சனசமூக நிலையக் கட்டடத் திறப்பு. முன்வரிசை நடுக்கதிரைக்கு ஒரு சீருடையைக் கூப்பிடுவது சில இடங்களில் பழக்கமாகிவிட்டது. காசு தருவார்கள், ரக்ரர் தருவார்கள், பந்தல் போட ஆக்கள் தருவார்கள் என்பது காரணம். பழைய மாணவரும் புலம்பெயர்ந்தோரும் அந்தப் பந்தல் செலவை ஏற்றுக்கொண்டால் நடுக்கதிரைக்கு வேற தலைகள் வரும்.

அப்படியான தலைகள் எங்களிடம் இல்லையா? முகமாலையில் முகக்கவசம் போட்டு, முழங்காலில் இருந்து, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டிக் கண்ணிவெடி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஹலோ ட்ரஸ்ட், டாஷ் போன்ற அமைப்புகளில் வேலை செய்கிற அவர்களில் பலர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். அந்தக் கவசத்துக்குள் வேர்வை கண்ணில வடியும், துடைக்க ஏலாது. அவர்கள் துப்புரவாக்கிக் கொடுத்த காணியில்தான் இன்றைக்குத் தென்னை நிற்கிறது. மாவட்ட வைத்தியசாலைத் தாதியின் வெள்ளைத் தொப்பி இருக்கிறது. 2013 இல் யாழ்தேவி மீண்டும் வந்த கிளிநொச்சி நிலையத்தில் கொடி காட்டுகிற நிலைய அதிபரின் தொப்பி இருக்கிறது. வயலில் சால்வையைத் தலைப்பாகையாகச் சுற்றின ஐயாமார் இருக்கிறார்கள். இந்தத் தலைகளைக் கண்டு நாங்கள் கதையை நிப்பாட்டுறதில்லை. "என்ன ஐயா, மழை வருமோ?" எண்டு கேட்டுக் கதையைத் தொடங்குறம்.

அடுத்த முறை உங்கட பள்ளிக்கூடத்தில் பிரதம விருந்தினர் யார் என்று கூட்டத்தில் கேட்டால், முகமாலையில் வேலை செய்கிற ஒரு அக்காவின் பெயரைச் சொல்லுங்கோ. யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதுக்குப் பிறகு வாக்கெடுப்புக் கேளுங்கோ.