மறுபடியும் நீட் எழுதப் போகிறாளா உங்கள் மகள்?



சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் என்னிடம் மனம் விட்டுப் பேசினார். "எம் பொண்ணு பல் டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசைப்பட்டா. நீட்டுல மார்க் பத்தலை. திரும்பவும் எழுதுறேங்கிறா. வயசுப் பொண்ணை ஒரு வருஷம் வீட்டுல வச்சுக்கலாமான்னு தெரியலை" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாயசத்தைக் கூட அவர் தொடவில்லை.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். பெளதிகமும் ரசாயனமும் எனக்குத் தெரியாது. ஆனால் அப்படி ஒரு வருஷத்தை எங்கள் வீட்டிலும் கடந்து வந்திருக்கிறோம். அதில் நான் செய்த தப்புகளும் உண்டு. அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

என் மகளுக்குப் பல் மருத்துவத்தில் ஆசை வந்ததற்குக் காரணம் அவளுடைய அப்பத்தா. என் மாமியார் நாற்பது வருஷமாகப் புகையிலை போட்டவர். ஒரு நாள் வாயில் எரிச்சல் என்றார். பத்தாவது படித்துக்கொண்டிருந்த இவள்தான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கன்னத்தின் உள்பக்கம் இருந்த வெள்ளைத் திட்டைப் பார்த்த பல் டாக்டரம்மா, "பாட்டி, இது இப்படியே இருந்தா புற்றுநோயா மாறலாம். புகையிலையை இன்னையோட விட்டுருங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாராம். நாங்கள் எல்லாரும் சொல்லிக் கேட்காத மாமியார் அன்றோடு விட்டார். வீட்டுக்கு வந்ததும் இவள், "நானும் அந்த டாக்டரம்மா மாதிரி ஆகணும்மா" என்றாள்.

பி.டி.எஸ். படிப்புக்கும் எம்.பி.பி.எஸ். படிப்புக்கும் ஒரே நீட் தேர்வுதான். 180 கேள்விக்கு 720 மார்க். சரியான விடைக்கு 4 மார்க். தப்பானால் கையிலிருப்பதில் 1 மார்க் போய்விடும். 2024 மே 5-ம் தேதி முதல் தடவை எழுதினாள். 472 வந்தது. அந்த வருஷம் எல்லாருக்குமே மார்க் அள்ளிக் கொட்டியிருந்தது. திருத்திய முடிவின்படி 720-க்கு 720 வாங்கியவர்களே 17 பேர். எங்கள் பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு நம் மாநிலத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. இவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அதுவும் கிடையாது.

இனி என் தப்புக்கு வருகிறேன். அந்த மாதமே ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். என் மதினி, "பொண்ணு எந்தக் காலேஜு?" என்று கேட்டார். நாலு பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. "பரீட்சை சமயத்துல உடம்பு சரியில்லாமப் போச்சு மதினி. இல்லேன்னா கிடைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். இவள் தாம்பாளத்தோடு என் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்: "அம்மா, எனக்கு என்ன வியாதி?"

எனக்குப் பேச்சு வரவில்லை. "நான் தோத்தது உனக்கே வெட்கமா இருந்தா, நான் எப்படிம்மா திரும்ப உட்கார்ந்து படிக்கிறது?" என்றாள். அன்று இரவு இரண்டு பேருமே தூங்கவில்லை. மறுநாள் காலையில் மதினிக்கு போன் போட்டு, "பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை. மார்க் பத்தலை. ஒரு வருஷம் படிச்சு திரும்ப எழுதப் போறா" என்று மகள் காதுபடவே சொன்னேன். மதினி, "அதுக்கென்ன, எழுதட்டும்" என்றார். இவ்வளவுதான். இதற்காகவா பொய் சொன்னோம் என்று இருந்தது.

அந்த வாரமே அவளும் அவள் அப்பாவும் நானும் உட்கார்ந்து பேசினோம். இந்தத் தேர்வுக்கு மேல்வயது வரம்பு கிடையாது. இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற கணக்கும் கிடையாது. அதனாலேயே வரம்பை வீட்டில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே வருஷம், கிடைக்காவிட்டால் பி.எஸ்ஸி. நர்சிங் அல்லது பி.பார்ம். என்று முடிவு செய்தோம். முடிவைச் சொன்னது அவள்தான். நாங்கள் சரி என்றோம். அடுத்த கதவு ஒன்று திறந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவள் முகத்தில் இருந்த பயம் கொஞ்சம் குறைந்தது.

கோச்சிங் சென்டரில் கேட்ட தொகை எங்கள் சக்திக்கு மீறியது. வாரம் ஒரு மாதிரித் தேர்வுக்கு மட்டும் பணம் கட்டினோம். மற்றதெல்லாம் வீட்டில்தான்.

முதல் வேலையாக அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. பழைய கேள்வித்தாளை எடுத்தாள். நீட் கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுவர விடுகிறார்கள். விடைத்தாளின் படத்தையும் சரியான விடைகளையும் தேசியத் தேர்வு முகமை தன் இணையதளத்தில் போடுகிறது. அதைப் பத்திரப்படுத்தி வையுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு, மளிகைக் கணக்கு எழுதும் என் நோட்டிலேயே கணக்குப் போட்டாள். சரி 128, தப்பு 40, எழுதாமல் விட்டது 12.

அந்த 40 தப்பையும் மூன்றாகப் பிரித்தாள். ஊகித்துக் குறித்தது 22. பாடம் சரியாகப் புரியாதது 7. மீதி 11, நன்றாகத் தெரிந்தும் கேள்வியைச் சரியாக வாசிக்காமல் விட்டது. "தவறானது எது" என்று கேட்டிருக்க, இவள் சரியானதைக் குறித்திருக்கிறாள்.

"ஊகிச்சு எழுதுனதாலதான் போச்சு" என்று நான் சொன்னேன். "இல்லைம்மா" என்று அவள் விளக்கினாள். நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், சராசரியாக நாலு தடவையில் ஒன்று சரியாகும். 4 வரும், 3 போகும். கையில் 1 நிற்கும். பெரிய நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. இரண்டு விடை நிச்சயமாகத் தப்பு என்று தெரிந்தால் மீதி இரண்டில் ஒன்றைக் குறிக்கலாம். ஆனால் ஒன்றுமே தெரியாத கேள்வியில் மூன்று நிமிஷம் முட்டிக்கொண்டு நின்றதால்தான், கடைசியில் தெரிந்த கேள்விகளை அவசரமாக வாசித்திருக்கிறாள். அந்த 11 கேள்வியில் வர வேண்டிய 44 மார்க்கும் வரவில்லை, கையிலிருந்த 11-ம் போயிற்று. மொத்தம் 55. தெரியாததை விடத் தெரிந்ததில்தான் அதிகம் போயிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொரு தப்பும் வெளியே வந்தது. அதுவும் என்னுடையதுதான். சிக்கனமாக இருக்கட்டும் என்று, என் அண்ணன் மகனின் பழைய கைடுகளை வாங்கிக் கொடுத்திருந்தேன். 2024 தேர்விலிருந்து பாடத்திட்டத்தைக் குறைத்திருந்தார்கள். பழைய கைடில் இருந்த பல பாடங்கள் அதில் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், நீக்கிய பாடங்களில் ஒன்று ஜீரண மண்டலம். பல்லைப் பற்றிய பகுதி அதில்தான் வரும். பல் டாக்டராக நினைத்தவள் எந்தப் பாடத்தை ஆசையாகத் தலைகீழாகப் படித்து வைத்திருந்தாளோ, அது பரீட்சையிலேயே கிடையாது! பழைய புத்தகம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்தந்த வருஷத்துப் பாடத்திட்டத்தை எடுத்து, இல்லாத பாடங்களைப் பென்சிலால் அடித்துவிட்டுக் கொடுங்கள். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தமிழ் என்று விண்ணப்பத்தில் குறித்தால் கேள்வித்தாளில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதுதான் முடிவு. ஆகவே கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் பழகிக்கொள்வது நல்லது. இவள் தினம் பத்து வார்த்தை எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டிவிடுவாள். எனக்கே பாதி மனப்பாடமாகிவிட்டது.

நம் கையில் இருக்கும் முக்கியமான விஷயம் நேரம். இந்தத் தேர்வு மத்தியானம் 2 மணிக்குத் தொடங்குகிறது, அதுவும் மே மாத வெயிலில். முதல் வருஷம் இவள் ராத்திரி ஒரு மணி வரை படித்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டதும் தூங்கிக்கொண்டிருந்தாள். பரீட்சை அன்றும் அதே நேரத்தில் அவளுக்குக் கண் சொருகியிருக்கிறது. ஆகவே இரண்டாம் வருஷம் வீட்டு நேரத்தையே மாற்றினேன். காலை பதினொன்றரைக்குச் சாப்பாடு, அளவாக. 2 முதல் 5 வரை டி.வி. இல்லை, மிக்ஸி இல்லை, அக்கம்பக்கத்துப் பேச்சு இல்லை. அப்பத்தா வாசலில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களை, "அஞ்சு மணிக்கு மேல வாங்கப்பா" என்று திருப்பி அனுப்புவார். ராத்திரி பத்தரைக்கு விளக்கு அணைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முழுத் தேர்வு. விடைக் கட்டங்கள் போட்ட தாளை நகல் எடுத்து, பேனாவால் வட்டத்தை நிரப்பியே பழகினாள். கைக்கடிகாரம் உள்ளே விட மாட்டார்கள். அதனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே எழுதினாள். 2025 ஜனவரியில் தேர்வு முறையை மாற்றினார்கள். அதற்கு முன் 200 கேள்வியில் 180 எழுதலாம்; நேரம் 200 நிமிஷம். 2025-ல் 180 கேள்வி, 180 நிமிஷம், விருப்பத் தேர்வே கிடையாது என்று ஆயிற்று. அன்றே பழக்கத்தையும் மாற்றிக்கொண்டோம். இப்படி மாறுவதால், அந்தந்த வருஷத்து அறிவிப்பை முழுக்கப் படித்துவிடுங்கள்.

நவம்பரில் இவள் படி ஏறினால் மூச்சு வாங்கினாள். படித்தது மனதில் நிற்கவில்லை என்று அழுதாள். சோம்பல் என்று ஒரு தடவை திட்டியும் விட்டேன். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால், ஹீமோகுளோபின் 9.4. ரத்தசோகை! இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையோடு காபி, டீ குடித்தால் சத்து உடம்பில் சேராது என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் நாலு வேளை காபி! அதைக் குறைத்து, முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்தேன். மாதவிலக்கு நாள் பரீட்சையோடு வந்தால் என்ன செய்வது என்பதையும் மகளிடம் கூச்சமில்லாமல் முன்கூட்டியே பேசி வையுங்கள். முந்தின நாள் திண்டாட வேண்டாம்.

2025 மே 4. ஒன்றரை மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள் என்பதால், பதினொன்றரைக்கே போய் மர நிழலில் உட்கார்ந்தோம். அரைக்கை உடுப்பு, சாதாரணச் செருப்பு. தோடு முதற்கொண்டு வீட்டிலேயே கழற்றி வைத்தாயிற்று. ஐந்து மணிக்கு வெளியே வந்தவள் என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். பெளதிகம் அவ்வளவு கஷ்டமாம். 46 கேள்வியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"வா, முதல்ல இளநீர் குடி" என்று மட்டும் சொன்னேன். எத்தனை வரும் என்று நான் கேட்கவில்லை. பத்து மாதத்தில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

முடிவு வந்தது. சரி 115, தப்பு 19. மொத்தம் 441. போன வருஷத்தை விட 31 மார்க் குறைவு! ஆனால் அந்த வருஷம் எல்லாருக்குமே குறைந்திருந்தது; இந்தியாவிலேயே முதலில் வந்தவருக்கு 686-தான். தரவரிசையில் இவள் ஒரு லட்சத்துக்கும் மேல் முன்னேறியிருந்தாள். தப்பு 40-லிருந்து 19-ஆகக் குறைந்ததுதான் கைகொடுத்தது. கவுன்சலிங்கில் ஒரு தனியார் கல்லூரியில், அரசு ஒதுக்கீட்டு இடத்தில் பி.டி.எஸ். கிடைத்தது. நாலு வருஷப் படிப்பு, பிறகு ஒரு வருஷம் பயிற்சி. என் இரண்டு வளையல் அடகுக்குப் போயிருக்கிறது. போகட்டும்.

பந்தியில் பார்த்த அம்மாளிடம், "உங்க பொண்ணுக்கும் கிடைச்சுரும்" என்று நான் சொல்லவில்லை. அது என் கையில் இல்லை. கிடைக்காமல் நர்சிங் சேர்ந்திருந்தாலும் என் மகள் என் மகள்தான் என்று இன்று சொல்ல முடிகிறது. 2024-ல் அந்தக் காதுகுத்து வீட்டில் எனக்குச் சொல்ல வரவில்லை. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால், படிப்பை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அவளோடு உட்காருங்கள். 104 என்ற எண்ணிலும், 14416 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை சொல்கிறார்கள். கூப்பிடத் தயங்காதீர்கள்.

போன வாரம் விடுமுறைக்கு வந்தவள் டார்ச் அடித்து அப்பத்தாவின் வாயைச் சோதித்தாள். "திட்டு ஒண்ணும் இல்லை. ஆனா அந்தக் கடைவாய்ப் பல்லு ஆடுது அப்பத்தா" என்றாள். "நீ டாக்டராகி வந்து பிடுங்கு. அதுவரைக்கும் அது ஆடட்டும்" என்று சொல்லிவிட்டார் என் மாமியார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.