சீதன வீடும் நகரத் திட்டமும்

பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தெற்கே நீளும் அம்பாறைக் கரையோரம், கிழக்கே கடலும் மேற்கே வயல் வட்டைகளும் நெருக்க, முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் ஒடுங்கிய நிலப்பட்டியாகும். வீடு கட்டச் சில பேர்ச் காணி கிடைப்பதே அரிதான இவ்விடத்தில், யாருடைய தேவை திட்டத்தில் இடம்பெறுகிறது, யாருடையது விடுபடுகிறது என்ற வினாவே ‘அனைவரையும் உள்ளடக்கிய நகர வாழ்வு’ என்ற தொடரின் உட்பொருள். அவ்வினாவுக்கு எந்தவொரு அறிவுத்துறையும் தனித்து விடைகூற இயலாது என்பதை இக்கரை இருமுறை பெருவிலை கொடுத்து அறிந்திருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. இறந்தோர் தொகை 10,000ஐக் கடந்தது. அதன்பின் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றராகவும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றராகவும் குடியிருப்புத் தடை வலயம் வரையப்பட்டது. பின்னர் தளர்த்தப்பட்ட இவ்வரையறை, கடலின் வேகத்தைக் கருதியதே தவிர, கரைக்கும் வட்டைக்கும் இடையே வெற்றுக்காணி ஏதும் மிஞ்சியிராத ஊர்களின் நிலையைக் கருதவில்லை.

இழப்பு அத்துடன் நிற்கவில்லை. இக்கரையின் இரு சமூகங்களிலும் வீடு மகளுக்குச் சீதனமாகச் சேர்வது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். மூத்தவளுக்கு வீட்டை ஒப்படைத்த பெற்றோர் அதே வளவின் மூலையில் சிறு அறையொன்றுக்குப் பெயர, அடுத்தவளுக்கான சுவர்கள் பக்கத்தில் எழும்புகின்றன. வேலியில் விடப்பட்ட ஒரு வழியால், தெருவுக்கு இறங்காமலே, அக்காவின் அடுப்படிக்குத் தங்கை போய்வருகிறாள். பிள்ளை வளர்ப்பும் முதியோர் பராமரிப்பும் அவ்வழியாகவே நடக்கின்றன. மீள்குடியேற்றப் பட்டியல்களிலோ ‘குடும்பத் தலைவர்’ என்ற நிரலில் பெரும்பாலும் கணவனின் பெயரே எழுதப்பட்டது. அரச காணிகளை ஆளும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து, மகளுக்கு முன் மகனை நிறுத்தும் வரிசையைக் கொண்டிருந்தது. தாய்வழி வந்த வீட்டுரிமை இவ்வாறு பல குடும்பங்களில் ஆணின் பெயருக்கு மாற, ஒரே வளவில் இருந்த சகோதரிகள் வெவ்வேறு வீட்டுத்திட்டங்களுக்குப் பிரிந்தனர். மானிடவியலாளர் நன்கறிந்திருந்த இவ்வழக்கம் திட்டம் வரைந்தவரின் மேசையை எட்டவில்லை.

இரண்டாவது பாடம் இதே கரையில் உள்ள ஒலுவில் துறைமுகம். டென்மார்க்கின் நிதியுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட அதன் அலைதடுப்பு அணைகள், அலைகளோடு கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் துறைமுக வாயிலை அடைக்க, வரவேண்டிய மணல் வராத வடபுறக் கரையைக் கடல் அரித்து, தென்னந்தோட்டங்களையும் கரைவலை இழுக்கும் இடங்களையும் தின்றது. வாயிலைத் தோண்டும்படி ஆழ்கடல் மீனவரும், கரையைக் காக்கும்படி ஊரவரும் கோர, பொறியியலின் வினாவாகத் தொடங்கியது இரு தரப்பினருக்கிடையிலான பிணக்காக முடிந்தது.

ஒரு சிக்கலைப் பல துறையினர் தனித்தனியே ஆராய்ந்து அத்தியாயங்களை ஒன்றாகக் கட்டுவது பல்துறை ஆய்வு. வினாவையே முதல் நாளிலிருந்து சேர்ந்து வகுத்து, ஒருவர் முறையை மற்றவர் சோதித்து, கூட்டாக முடிவுக்கு வருவது துறையிடை ஆய்வு. இக்கரைக்கு வேண்டியது பின்னையது. போரின் நடுவே கல்வி தடைப்பட்ட மாணவரை முன்னிட்டு 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டு, ஒலுவிலைத் தலைமையிடமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று பொறியியல், கலை, முகாமைத்துவம், இஸ்லாமியக் கற்கை, பிரயோக விஞ்ஞானம் உள்ளிட்ட பீடங்கள் உள்ளன. கடலின் நிறம் பார்த்து நீரோட்டம் சொல்லும் கரைவலைத் தொழிலாளியும், வெள்ளம் வடியும் வாய்க்காலை அறிந்த வட்டை விதானையும், வளவைப் பங்கிடும் தாய்மாரும் அப்பீடங்களின் வாசலுக்கு வெளியே மிக அருகில்தான் வாழ்கின்றனர். அவர்களைத் தகவல் தருவோராக மட்டும் கொள்ளாமல் ஆய்வின் பங்காளிகளாக ஏற்று, அடுத்த வீட்டுத்திட்டத்தின் முதற்கோடு வரையப்படும் முன்னரே ஒரே பாயில் அமரச் செய்வது பல்கலைக்கழகத்தின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது கல்முனை மாநகர சபையினதும் பிரதேச செயலகங்களினதும் பொறுப்பு. வேலியில் விடவேண்டிய வழி எதுவென்று அங்கு வாழ்பவளிடம் கேட்டறியாத வரைபடம், எத்தனை துல்லியமாக இருப்பினும், அவளுக்கான நகரத்தை வரைந்துவிட முடியாது.