பாண்டி மாமாவின் ராத்திரி வாழ்க்கை

போன வாரம் பெங்களூரிலிருந்து பேத்தி பேசினாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. சனிக்கிழமை ராத்திரி எங்கே போனாள், யாரைப் பார்த்தாள் என்றெல்லாம் என்னிடம் ஒளிக்காமல் சொல்லுவாள். பேச்சுவாக்கில், "உங்க ஊர்ல நைட் லைஃபே கிடையாதே தாத்தா, எப்படிப் பொழுது போகுது?" என்று கேட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்த என் மகன், "அவரை உசுப்பேத்தி விடாதே. அப்புறம் எட்டு மணிக்கு மேல செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிருவார்" என்றான்.

கேட்டது அவள். பதிலை உங்களுக்கு எழுதுகிறேன். அவள் தமிழ் படிக்க மாட்டாள், நீங்கள் படிப்பீர்கள்.

வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் சங்கரன்கோவில்காரன் இல்லை, சங்கரன்கோவில் மாப்பிள்ளை. பிறந்தது, பிரெஞ்சில் படித்தது, கிளார்க்காகக் காலம் தள்ளியது எல்லாம் புதுச்சேரியில். 2010-ல் ஓய்வு பெற்றதும் மனைவியின் ஊருக்கே வந்துவிட்டேன். அதனால் இங்கே பாதிப் பேருக்கு நான் பாண்டி மாமா, மீதிப் பேருக்குப் பாண்டி அத்தான்.

எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஒரு சொல் சொல்லிக் கொடுத்தார்: 'மொந்தேன்'. ஒரு விருந்து விடாமல் போய் வந்து, அங்கே யார் என்ன உடுத்தியிருந்தார்கள், யார் யாரோடு பேசவில்லை என்பதை மறுநாள் நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கிற சீமாட்டிகளுக்கு அந்தப் பெயர். இங்கிலீஷ் பத்திரிகைகள் 'சோஷலைட்' என்று படம் போடுவது இவர்களைத்தான். கல்யாணமான புதிதில் இதை என் மனைவியிடம் பெருமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மொந்தன் பழமா?" என்றாள். அன்றையிலிருந்து நான் எந்த விசேஷத்துக்கு வேட்டி மாற்றினாலும், "மொந்தன் கிளம்பியாச்சு" என்பாள்.

என் முதல் ராத்திரி வாழ்க்கை புதுச்சேரியில், ஒரு காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே. எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குபவர்களை அங்கே அப்படித்தான் சொல்லுவோம். ஜூலை 14 பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். முந்தின ராத்திரி சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு, விளக்குகளைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. விழாவை ஒட்டி 'பால்' நடக்கும். பிரெஞ்சில் 'பால்' என்றால் நடன விருந்து. வெள்ளைக்காரன் கூப்பிட்டு ஆளுக்கொரு தம்ளர் பால் கொடுக்கிறான் என்றுதான் எங்கள் அம்மா ரொம்ப காலம் நினைத்திருந்தாள். பையன்கள் நாங்கள் சுவரில் தொற்றி எட்டிப் பார்ப்போம். உள்ளே போகப் பத்திரிகை வேண்டும், கோட்டு வேண்டும், கூட ஆட ஒரு ஜோடியும் வேண்டும். எங்களிடம் மூன்றும் இல்லை. பேத்தி போகிற இடத்திலும் வாசலில் ஆள் நிற்கிறானாம், உள்ளே விட்டால் மணிக்கட்டில் முத்திரை குத்துகிறானாம். சுவர் அப்படியேதான் இருக்கிறது.

சுவர் இல்லாத ராத்திரியை நான் பார்த்தது இந்த ஊரில்தான். தலை ஆடிக்கு மாமனார் அழைத்திருந்தார். வந்து இறங்கியது சரியாக ஆடித் தபசு அன்று. அந்தக் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கன் சிவனே பெரியவர் என்றான், பதுமன் திருமாலே பெரியவர் என்றான், இரண்டு நாகராஜாக்களின் சண்டை தீர அம்பாள் ஒற்றைக் காலில் தவம் நின்றாள். சாயங்காலம் சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கிறார். ராத்திரி யானை வாகனத்தில் சங்கரலிங்கமாக இன்னொரு முறை வருகிறார். தெய்வமே இரண்டு ஆட்டம் நடத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன். முதல் காட்சியும் இரண்டாம் காட்சியும்.

இரண்டு காட்சிக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில மணி நேரம்தான் நான் சொல்ல வந்த விஷயம். சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் ரத வீதிகளில் உட்கார்ந்திருந்தது. விளைந்த பருத்தியையும் வற்றலையும் வீசிவிட்டு வந்த சம்சாரிகள், 108 சுற்று ஆடிச்சுற்று முடித்துக் காலை நீட்டியிருந்த பெண்கள், சாக்கை விரித்துப் படுக்கப்போட்ட பிள்ளைகள். என் மனைவியின் பாட்டிக்கு அப்போது எண்பது இருக்கும். யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எத்தனை பிள்ளை, எந்த ஊரில் கொடுத்திருக்கிறது, மருமகள் சோறு போடுகிறாளா என்று வரிசையாக விசாரித்துக்கொண்டிருந்தாள். வெற்றிலைப் பெட்டி இரண்டு பேருக்கும் பொது. பக்கத்துத் திண்ணையில் இரண்டு கிழவர்கள் ஒரு வாய்க்கால் வழக்கைப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் 'நேரமாச்சு, வீட்டுக்குப் போ' என்று சொல்லவில்லை. அசல் மொந்தேன் என்றால் அந்தப் பாட்டிதான். கோட்டும் ஜோடியும் இல்லாமலே.

அதற்குப் பிறகு விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் ஊர் ராத்திரியை ருசித்திருக்கிறேன். மச்சினனோடு செகண்ட் ஷோ, படம் விட்டதும் புரோட்டாவும் சால்னாவும். கல்லில் தட்டுகிற அந்தச் சத்தமும் விசைத்தறிச் சத்தமும் சேர்ந்து கேட்கும். தறி ஓட்டுகிறவர்கள் டீ குடிக்க வருவார்கள், அவர்களோடு அரை மணி. சுத்துப்பட்டியில் கோயில் கொடை என்றால் கேட்கவே வேண்டாம். வில்லுப்பாட்டு தொடங்கினால் முத்துப்பட்டன் கதை விடிய விடிய ஓடும். வில்லும் குடமும் உடுக்கையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இந்த மண்ணின் சுப்பு ஆறுமுகம் அவர்களுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தபோது, அந்த விடிய விடியக் கேட்ட ஜனங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றே எனக்குப் பட்டது. உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாமல் வில்லுப்பாட்டு ஏது?

கல்யாணம், சடங்கு, காதுகுத்து இவற்றில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. மொய் மேஜை. முப்பது வருஷம் கோப்பு எழுதிய கை, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதும் என்று பெயர். ஓய்வு பெற்று வந்த முதல் வருஷமே, "பாண்டி மாமாவைக் கூப்பிடுங்கப்பா" என்று ஆகிவிட்டது. வரவேற்பு ராத்திரியில் அந்த மேஜைக்கு வராமல் ஒருவரும் போக முடியாது. பெயர், ஊர், தகப்பனார் பெயர், தொகை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு குடும்பக் கதை. யாருக்கும் யாருக்கும் பேச்சு நின்றுவிட்டது என்பது நோட்டில் ஒரு பெயர் இல்லாததிலிருந்தே தெரியும். எந்தப் பாரிஸ் சீமாட்டிக்கும் இத்தனை தகவல் கிடைத்திருக்காது.

இப்போது மொய்க்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, கையோடு ரசீது நீட்டுகிறது. போன மாதம் ஒரு பத்திரிகை வைத்தார்கள். மூலையில் கட்டம் கட்டமாக அந்த க்யூஆர் கோடு. கொண்டுவந்த பையன் நல்லவன், அக்கறையாகத்தான் சொன்னான்: "மாமா, ராத்திரில நீங்க அலைய வேண்டாம். ஸ்கேன் பண்ணி விட்டாப் போதும்." பணத்தை அனுப்பினேன். அன்று ஏழரை மணிக்கு இட்லியைத் தின்றுவிட்டுப் படுத்தேன். தூக்கம் எப்போது வந்தது என்று கேட்காதீர்கள்.

இங்கே நான் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பழைய ராத்திரிகள் எல்லாம் தங்கம் என்று சொன்னால் என் மனைவி மேலேயிருந்து சிரிப்பாள். அவள் கடைசியாகப் படுத்திருந்த வருஷம், தெருமுனையில் ஒரு விழா. ஜன்னலுக்கு நேரே குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டார்கள். ராத்திரி ஒரு மணிக்கும் பாட்டு. அவள் காதைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். "ஒரு நாள்தானே பெரியவரே" என்றார்கள். அந்த ஒரு நாளை நான் மறக்கவில்லை. ஆகவே பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும் விதிக்கு நான் எதிரி இல்லை. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் ராத்திரி 10 முதல் காலை 6 வரை என்று சொல்கின்றன. திருவிழாக்களுக்கு வருஷத்தில் 15 நாள் வரை, நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம் என்று மாநில அரசுக்கு அதிகாரமும் கொடுக்கின்றன. 2005-ல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. விதியைப் படித்தே பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நியாயமான விதி.

ஆனால் விதி நிறுத்தச் சொன்னது ஸ்பீக்கரை. நாம் நிறுத்தியது ஊரை. பத்தடித்ததும் மைக் அணைகிறது, கூடவே விளக்கும் அணைகிறது, நாற்காலியை அடுக்கி வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். சாமக்கொடை என்று பெயர் வைத்திருக்கிறோம், சாமத்தில் பூசாரியும் நாலு கமிட்டிக்காரர்களும்தான் நிற்கிறார்கள். மைக் என்ற ஒன்று வருவதற்கு முன்னாலும் கூத்து நடந்ததுதானே? முத்துப்பட்டன் கதை ஆம்ப்ளிஃபயரை நம்பிப் பிறந்ததா? பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் இல்லாமல், ஐம்பது பேர் நெருங்கி உட்கார்ந்து கேட்டால் எந்த நோயாளியின் தூக்கம் கெடப் போகிறது? கொடைக் கமிட்டிகளில் இருக்கும் தம்பிமார்கள் யாராவது இதைப் படித்தால் யோசித்துப் பாருங்கள். முன்வரிசை கிழவர் கிழவிகளுக்கு. எங்களுக்குத்தான் காலையில் அவசரம் ஒன்றும் கிடையாது.

"ராத்திரி பாதுகாப்பு இல்லைப்பா" என்கிறான் மகன். அவன் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. டாஸ்மாக் கடை பத்து மணிக்கு மூடுகிறது. வில்லுப்பாட்டும் அதே பத்து மணிக்கு முடிகிறது. அதற்கு மேல் தெருவில் யார் மிச்சம் இருப்பார்கள்? பாட்டிகளும் பிள்ளைகளும் திண்ணையில் இருந்தவரை, குடித்துவிட்டு வருகிறவனும் தலையைக் குனிந்து ஓரமாகத்தான் போனான். அத்தை பார்த்துவிடுவாளே என்ற பயம். நாங்களெல்லாம் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, வெளியே பயமாக இருக்கிறது என்கிறோம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் தமிழக அரசு ஆணை போட்டது. பெரிய கடைகளுக்கு அது போதும். ஒரு மாஸ்டரும் ஒரு பாய்லருமாக இருக்கிற டீக்கடை பதினோரு மணிக்கு ஷட்டரை இறக்குகிறது. தூக்கம் வராத கிழவனுக்கு அந்த ஒரு பெஞ்சு போதும்.

தூக்கம் வராத ராத்திரியைப் பிரெஞ்சில் 'நுய் பிளான்ஷ்', வெள்ளை ராத்திரி என்பார்கள். 2002-ல் பாரிஸ் நகராட்சி அந்தப் பெயரையே வைத்து ஒரு விழா தொடங்கியது. வருஷத்தில் ஓர் இரவு மியூசியங்களும் மண்டபங்களும் கட்டணமில்லாமல் திறந்திருக்கும், ஊரே விடிய விடியத் தெருவில் நடக்கும். நம்மிடம் சிவராத்திரியும் வைகுண்ட ஏகாதசியும் தபசும் யாரும் தீர்மானம் போடாமலே இருந்தன என்று எழுதக் கை பரபரக்கிறது. அந்த வீம்பு வேண்டாம். அவர்கள் இல்லாததைக் கொண்டுவருகிறார்கள், நாம் இருந்ததை அடுக்கி வண்டியில் ஏற்றுகிறோம். அவ்வளவுதான்.

என் மனைவி கடைசியாகப் பார்த்த தபசு நினைவுக்கு வருகிறது. நடக்க முடியவில்லை. தெரிந்த கடைக்காரர் ஒருவர் வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். சாயங்காலக் காட்சி முடிந்ததும், "போதும், வீட்டுக்குப் போகலாம்" என்றேன். "யானை வாகனம் வரட்டும்" என்றாள். அதுவரை, போகிற வருகிற அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினாள். சிலரைப் பார்த்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அவர்களும் குனிந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். வாகனம் வந்தபோது மணி என்ன என்று நான் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது, "இன்னைக்கு நான்தான் மொந்தன்" என்றாள்.

இந்த ஆடிக்குப் போவதாக இருக்கிறேன். மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. மடக்கு நாற்காலி ஒன்று வாங்கியாயிற்று, பிளாஸ்க் இருக்கிறது. மூட்டு வலிக்காரர்கள் அவரவர் நாற்காலியைக் கொண்டுவாருங்கள். இரண்டு காட்சிக்கும் நடுவே நான் ரத வீதியில்தான் எங்காவது உட்கார்ந்திருப்பேன். விசாரித்தால் சொல்லுவார்கள்.