கல்வெட்டுவரை போன ரசிகர்கள்

மயிலாப்பூர்க் குளக்கரைப் பேச்சிலும் தி. நகர் புத்தக வெளியீட்டு மேடையிலும் இரவுநேரத் தொலைக்காட்சி விவாதத்திலும் ஒரே குற்றச்சாட்டைக் கேட்கிறேன். செல்போனும் கையுமாகத் திரியும் இந்தத் தலைமுறை எதற்கெடுத்தாலும் ரசிகர் கூட்டம் சேர்க்கிறதாம். கல்கியின் கதையை வரலாறு என்று நம்புகிறதாம், நடிகரைத் தலைவர் என்று நம்புகிறதாம், முகமூடி போட்ட அமெரிக்க நாயகர்களைப் பார்த்துப் பார்த்து உள்ளூர்க் கவலைகளையே மறந்துவிட்டதாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்வதால் இதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். ஏனென்றால் இந்தக் குற்றச்சாட்டின் ஒவ்வொரு பகுதியும் இந்த ஊரில் நடந்தவற்றுக்கே முரணாக இருக்கிறது.

முதலில் வரலாறு. மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ 2022 செப்டம்பர் 30 அன்று திரைக்கு வந்தபோது, ‘இனிமேல் நந்தினியும் பூங்குழலியும்தான் சோழர் வரலாறு’ என்று பலர் புலம்பினார்கள். அந்த இருவரும் கல்கியின் கற்பனை என்பது உண்மை. ஆழ்வார்க்கடியானும் அப்படியே. ஆனால் 1950 முதல் 1954 வரை வாரவாரம் அந்தத் தொடரை எழுதியபோது கல்கி ஆதாரமாக வைத்துக்கொண்டவை நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறும் சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’மும். கதையை முடித்த ரசிகர் அங்கேயே நிற்பதில்லை. இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வியைக் கல்கி திறந்தே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எழுபது ஆண்டுகளாகத் தமிழ் வாசகர்கள் அதில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மல்லுக்கட்டு எங்கே கொண்டுபோய் விடுகிறது? காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில். இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களின் பெயரைச் சொல்கிறது. கொலை நடந்தது 970-ஐ ஒட்டி. கல்வெட்டு ஏறத்தாழ 987. நடுவில் இருந்தது உத்தம சோழனின் ஆட்சி. தண்டனை தாமதமானதாகத் தோன்றும் அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் நீலகண்ட சாஸ்திரி உத்தமன்மேல் சந்தேகப்பட்டார். பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை.

அடையாறில் எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி இருக்கிறாள். மார்வெல் படம் வந்தால் முதல் காட்சி, சோழர் பேச்சு வந்தால் விடிய விடிய இணையத்தில் வாக்குவாதம். ஒருநாள் இந்தக் கல்வெட்டின் அச்சுப் பிரதியைச் செல்போனில் எடுத்து, இரண்டு விரலால் விரித்து விரித்து என்னிடம் காட்டினாள். “அங்கிள், இது தண்டனை கொடுத்த உத்தரவே இல்ல. துரோகிங்க நிலத்தை வித்த கணக்கு. அதை வாங்கினவர் தர்மத்துக்கு எழுதி வெச்சிருக்கார். தண்டனை முன்னாடியே நடந்திருக்கலாம் இல்ல? அப்போ உத்தம சோழன்மேல பழி போடறது எப்படி?” கல்வெட்டைத் திரும்பப் படித்த ஆய்வாளர்கள் எழுப்பிய ஐயமும் இதுதான். அவள் வரலாற்று மாணவி அல்ல, வணிகவியல் படிக்கிறாள். ஒரு கதாபாத்திரத்தின்மேல் வைத்த பற்று அவளை ஒரு நிலவிற்பனைப் பத்திரத்தை வரிவரியாகப் படிக்க வைத்திருக்கிறது. எந்தப் பாடப்புத்தகம் அதைச் செய்தது?

அவள் ஒருத்தி விதிவிலக்கு என்று சொல்ல முடியாது. 2000-களின் தொடக்கத்தில் ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்கள் இணையத்தில் கூடிக் கதையைப் பற்றிச் சண்டை போட்டார்கள். பிறகு வேன் பிடித்துக் கோயில்களைப் பார்க்கப் போனார்கள். அந்தச் சுற்றிலிருந்து வந்தவர்கள் 2004-ல் ‘வரலாறு’ என்ற மின்னிதழைத் தொடங்கி, கல்வெட்டும் கட்டடக்கலையும் பற்றி எழுதினார்கள். தி. நகர் தக்கர் பாபா வித்யாலயாவில் தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை பல ஆண்டுகள் மாதந்தோறும் நடத்திய சொற்பொழிவுகளின் நாற்காலிகளை நிரப்பியவர்களில் பேராசிரியர்களைவிட வங்கி ஊழியர்களும் மென்பொருள்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும்தான் அதிகம்.

சிங்கப்பூரில் கப்பல் தொழிலில் வேலை பார்த்த எஸ். விஜய்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கியின் நாவல்தான் தன்னைச் சிலைகளின் பக்கம் இழுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவரும் அவரைப் போன்ற ஆர்வலர்களும் இணையத்தில் கூடி, வெளிநாட்டு அருங்காட்சியகப் பட்டியல்களையும் பழைய கோயில் புகைப்படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடுபோன நடராசரை 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த படங்கள் உண்மையைக் காட்டிக்கொடுத்தன. 2014-ல் நடராசர் இந்தியா திரும்பினார். இப்படிச் சிலைகளின் கால்விரலையும் திருவாசியின் சுடரையும் எண்ணி எண்ணி ஒப்பிடும் பொறுமை சம்பளத்துக்கு வருவதில்லை.

‘ரசிகர்கள் கட்டுக்கதைகளையும் பரப்புகிறார்களே’ என்பார்கள். பரப்புகிறார்கள். ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற பொய் இணையம் பிறப்பதற்கு முன்பே சுற்றுலா வழிகாட்டிகளின் வாயில் இருந்தது. சதய விழா வந்தால் இராசராசனை ஒவ்வொரு சாதியும் தன் ஆள் என்று சுவரொட்டி அடிக்கிறதே, அதை அடிப்பது நாவல் ரசிகரா, சாதிச் சங்கமா? வரலாற்றைக் கெடுப்பவரைத் தேட வேண்டிய இடம் வேறு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரசிகரின் பித்து வெறும் பொழுதுபோக்கு, அறிவுலகுக்கு அதனால் பயனில்லை என்ற பேச்சு. தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுத உட்காரும் எவரும் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தனைத் தொடாமல் போக முடியாது. எந்தப் படம் எந்த நாளில் வந்தது, யார் நடித்தார், யார் இசை என்று ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அரசும் பல்கலைக்கழகமும் செய்யாத வேலை. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளமும் கோட்டையூரில் ஒருவர் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், பழைய இதழ் என்று விடாமல் வாங்கிச் சேர்த்த ஆசைதான். இன்று உலகெங்குமிருந்து ஆய்வாளர்கள் அங்கே வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள்.

அடுத்து அரசியல். இந்தக் குற்றச்சாட்டு கனமானது, அதற்குத் தகுந்த மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ல் எழுதிய ‘தி இமேஜ் ட்ராப்’ நூலில், எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பத்தில் சிக்கிய ஏழைகள் தங்கள் நலனுக்கே எதிரான ஆட்சியைத் தாங்கிப் பிடித்தார்கள் என்று வாதிட்டார். அந்த ஆட்சியைப் பற்றிய அவருடைய கேள்விகள் நியாயமானவை. ரசிகரைப் பற்றிய சித்திரத்தைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1980-ஐப் பாருங்கள். ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டே. பிம்பத்தில் கட்டுண்டவர்கள் இப்படியா ஓட்டுப் போடுவார்கள்? பிப்ரவரியில் மத்திய அரசு எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தது. சில மாதங்களில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் அவருடைய கட்சிக்கு 129 இடங்களைக் கொடுத்து மறுபடியும் கோட்டைக்கு அனுப்பினார்கள். டெல்லிக்கு ஒரு கணக்கு, சென்னைக்கு ஒரு கணக்கு. இதைப் போட்டவர்களை மயங்கிக் கிடந்தவர்கள் என்று சொல்வது அநியாயம்.

சிவாஜி கணேசனுக்கு ரசிகர் குறைவா? படம் வெளியானால் தியேட்டரே அதிரும். அவர் 1988-ல் தமிழக முன்னேற்ற முன்னணியைத் தொடங்கி, 1989-ல் திருவையாறில் நின்றார். தோற்றார். திரையில் அவருக்காக அழுதவர்கள் வாக்குச்சாவடியில் வேறு முடிவு எடுத்தார்கள். அடையாறில் 2017-ல் திறந்த அவருடைய மணிமண்டபத்துக்கு இன்றும் மாலையோடு வருகிறவர்கள் அந்த ரசிகர்களே. அன்பு வேறு, ஓட்டு வேறு என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஆழ்வார்பேட்டைக்காரரான கமல்ஹாசன் 2021-ல் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் தோற்றதும் இந்த வரிசைதான்.

மன்றங்கள் என்ன செய்தன என்பதை மேட்டுக்குடியினர் பார்க்கவே இல்லை. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து வெளியேற்றப்பட்டுப் புதுக்கட்சி கண்டபோது, ஊர் ஊராக இருந்த மன்றங்களே கிளைகளாயின. 1973 மே மாதத்தில் திண்டுக்கல் இடைத்தேர்தலை அந்தக் கட்சி வென்றது. சொத்தோ சாதிச் செல்வாக்கோ இல்லாத ஒரு ரிக்‌ஷாக்காரருக்கு, ஒரு மில் தொழிலாளிக்கு, கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் அதிகாரியிடம் மனு கொடுக்கவும் கற்றுக்கொடுத்த இடம் மன்றம். மதுரை ரசிகர் மன்றங்களை நேரில் ஆராய்ந்த சாரா டிக்கி, அவர்களுடைய சமூகப் பணிகளைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடிகர் விஜய்யின் கட்சிக் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் இறந்ததை வைத்து ரசிகர் கூட்டம் என்றாலே இப்படித்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். செத்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். கூடியவர்களுடைய மூளையின்மேல் பழியைப் போட்டுவிட்டால், மக்கள் எத்தனை மணி நேரம் வெயிலில் காத்திருக்க நேர்ந்தது, அந்த இடம் எத்தனை பேருக்குப் போதும், தண்ணீரும் வெளியேற வழியும் இருந்தனவா என்ற கேள்விகள் கேட்கப்படாமலே போகும். பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை.

சூப்பர் ஹீரோக்களுக்கு வருகிறேன். வெளிநாட்டுச் சரக்கு, குழந்தைத்தனம், உள்ளூர் அரசியலுக்கு உதவாதது என்பது குற்றச்சாட்டு. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் வார இதழில் பிறந்த ஆள்தான். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கையைத் தவிர உடம்பு முழுக்க மறைந்துபோகும் அந்த மனிதர் ஒரே தலைமுறையில் தமிழ்நாட்டுக்காரர் ஆகிவிட்டார். மூர் மார்க்கெட்டிலும் லஸ் முனை நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளிலும் அந்த இதழ்களைத் தேடி அலைந்தவர்கள் இன்று தாத்தாக்கள். அவர்கள் யாரும் அரசியல் அறியாமல் வளரவில்லை. காட்டில் வெள்ளைக்காரர் ஒருவர் தலைமுறை தலைமுறையாகக் கறுப்பின மக்களைக் காத்து ஆள்வது எப்படிச் சரி என்று வேதாளர் கதையைப் படித்துக்கொண்டே கேட்டவர்கள் அவர்களில் உண்டு.

அந்த நாயகர்கள் பிறந்ததே அரசியலில். 1938-ல் வெளிவந்த சூப்பர்மேனை உருவாக்கியவர்கள் கிளீவ்லாந்தின் இரண்டு யூத இளைஞர்கள். கேப்டன் அமெரிக்கா ஹிட்லரின் தாடையில் குத்தும் அட்டை 1941 மார்ச் தேதியிட்ட இதழில் வந்தது. அமெரிக்கா போரில் இறங்கியது அந்த ஆண்டு டிசம்பரில்தான். எனக்கு மிகவும் பிடித்தது 1939 ஜனவரி இதழில் வந்த ஒரு கதை. ஏழைப் பிள்ளைகள் வளரும் குடிசைப் பகுதியைப் பார்த்த சூப்பர்மேன் அதை இடித்துத் தள்ளுகிறார். இடித்தால்தான் அரசு புது வீடு கட்டிக்கொடுக்கும் என்று அவருக்கு நம்பிக்கை.

இந்தக் கதையை 2023 ஜூலையில் வந்த மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’ படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். சென்னைக் குடிசைப் பகுதியிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு அடுக்குமாடியில் குடியேற்றப்பட்ட ஒரு படக்கதை ஓவியன். சுவர் உதிர்கிறது, கதவு கையோடு வருகிறது. 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கையால் சுரண்டினாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்ததைத் தமிழகமே தொலைக்காட்சியில் பார்த்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பிள்ளைகளுக்குப் பள்ளி தூரம், பெண்களுக்கு வீட்டு வேலைக்குப் போன தெருக்கள் தூரம். அமெரிக்க நாயகர் 1939-ல் இடித்துவிட்டுப் போனார். இடித்தபிறகு கட்டிய வீடு எப்படி இருக்கிறது என்று சென்னை நாயகன் கேட்கிறான். படம் வந்த வாரம் இந்த இரண்டு கதைகளையும் இணைத்து இணையத்தில் பேசிய பையன்களோடு நானும் பேசினேன். குடியிருப்பு வாரியம், ஒப்பந்தக்காரர், மறுகுடியமர்வு என்ற சொற்கள் அவர்கள் வாயில் சரளமாக வந்தன. மார்வெலின் ‘சிவில் வார்’ கதையில் சூப்பர் ஹீரோக்களை அரசிடம் பதிவு செய்யச் சொல்லும் சட்டத்தைப் பற்றி விவாதித்தவர்களிடம் நெருக்கடிநிலைக் காலத்து மிசா சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அடுத்த முறை பேசும்போது 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதுவரை படித்துவிட்டு வந்திருந்தார்கள்.

மார்கழியில் ஒரு பெரியவர், இருபது ஆண்டுகளுக்கு முன் மியூசிக் அகாடமியில் எந்தப் பாடகர் எந்த ராகத்தை விஸ்தாரமாகப் பாடினார், பக்கவாத்தியம் யார் என்று ஒப்பித்தால் மயிலாப்பூர் அவரை நல்ல ரசிகர் என்று கொண்டாடுகிறது. கொண்டாடத்தான் வேண்டும், அது அரிய நினைவாற்றல். அதே அளவு நினைவாற்றலோடு ஒரு வியாசர்பாடிப் பையன் ஸ்பைடர்மேனைப் பற்றிப் பேசினால் உருப்படாதவன் என்கிறது. உழைப்பு ஒன்றுதான். யார் எதற்காக உழைக்கிறார் என்பதைப் பார்த்து மார்க் போடுகிறோம்.

கடைசியாக, வசவு. ரசிகச் சண்டைகளில் எதிர்த்துப் பேசும் பெண்ணின் படத்தைச் சிதைப்பதும் குடும்பத்தை இழுத்துத் திட்டுவதும் நடக்கின்றன. இதில் எந்தச் சமாதானமும் எனக்கு இல்லை, அது குற்றம், புகார் கொடுத்துத் தண்டிக்க வேண்டும். ஆனால் கட்சிகளின் இணையப் படைகளும் இதையே செய்கின்றன. அதற்காகக் கட்சி அரசியலே மூடர்களின் வேலை என்று யாரும் சொல்வதில்லை. மேலே நான் சொன்ன மாணவியைத் திட்டியவர்களில் சோழர்மேல் உயிரையே வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களோடு வரிக்கு வரி மோதியவர்களும், திட்டியவர்களைக் குழுவைவிட்டு வெளியேற்றியவர்களும் அவளைப் போன்ற ரசிகர்களே. அவள் இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேட்டைப் படிக்க எடுத்துக்கொண்டிருக்கிறாள். காஞ்சிபுரத்துக் கோயில் கணக்கையும் நெசவாளர் குடியிருப்புகளையும் பற்றிய ஏடு அது. உத்தமன் கொலைகாரனா என்று சண்டை போடுவதற்கு முன்னால் அவன் ஆட்சியில் ஊர் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும் என்கிறாள்.